‘மச்சி, ஒரு தம்?’ – ஆபத்து தெரிந்தும் மாணவர்கள் சிகரெட்டை விடாதது ஏன்?

காலேஜ் கேட்டுக்கு எதிரே டீக்கடை. கையில் டீ, விரலிடுக்கில் சிகரெட். ‘சும்மா ஒண்ணுதான் மச்சி’ என்று தொடங்குவது, செமஸ்டர் முடிவதற்குள் நாளைக்கு ஐந்தாகிவிடுகிறது. புகைத்தால் புற்றுநோய் வரும் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். 2016-17இல் மத்திய அரசு நடத்திய தேசிய புகையிலை ஆய்வில், 10 பேரில் 9 பேர் புகைப்பதால் கடுமையான நோய் வரும் என்றே சொன்னார்கள். ஆனாலும் ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைத்தார்கள். புகையிலைப் பழக்கம் தொடங்கும் சராசரி வயது 18.9. அதாவது, காலேஜ் வயது.

அப்போ சிக்கல் எங்கே?

உதிரி விற்பனையில்தான். சிகரெட் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. பழக்கத்தை விட உதவும் இலவச எண்ணும் அதிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சிகரெட் வாங்குபவரின் கைக்கு அந்த பாக்கெட் வருவதே இல்லை. செலவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒன்று 20 ரூபாய் என வைத்துக்கொண்டாலும், நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 3,000 ரூபாய் காலி!

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டு சட்டப்படி, கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருட்களை விற்கக்கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எங்குமே விற்கக்கூடாது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் உதிரி விற்பனைக்கு இந்தச் சட்டத்தில் நேரடித் தடை இல்லை.

கர்நாடகா 2025இல் சட்டத்தைத் திருத்தி உதிரி விற்பனையைத் தடை செய்தது. வாங்கும் வயதை 21 ஆக்கி, அபராதத்தையும் 1,000 ரூபாயாக உயர்த்தியது.

‘நினைச்சா விட்டுடுவேன்’ – முடியுமா?

புகையை இழுத்த சில நொடிகளிலேயே நிகோடின் மூளையைத் தொட்டுவிடுகிறது. சுமார் 25 வயது வரை மூளை வளர்ந்துகொண்டே இருப்பதால், இளம் வயதில் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். விட்டால் முதல் சில நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை வரும். அது தோல்வி அல்ல, நிகோடின் இல்லாமல் உடல் பழகுவதன் அறிகுறி.

தனியாக விட முடியவில்லையா? பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அந்த எண் இதுதான்: 1800-11-2356. பாக்கெட்டைப் பார்க்காத நண்பனுக்கும் இதை அனுப்பி வைக்கலாம்.