படலையில் நின்று கேட்கும் கடன்

கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

போன மாதம் எங்கள் வீட்டுப் படலைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். வரும் வழியில் சந்திக் கடையில் நிறுத்தி, "ஜிம் காசு கட்டாத மாஸ்டரின்ட வீடு எது?" என்று கேட்டுத்தான் வந்திருக்கிறார். நாங்கள் கதவைத் திறக்க முன்னமே கரம்பொன்னில் பாதிக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த நாள் பாண் வாங்கப் போனபோது கடைக்காரர் எங்கள் காசை இரண்டு தரம் எண்ணினார்!

விஷயம் இதுதான். மகன் யாழ்ப்பாண ரவுணில் ஒரு ஜிம்மில் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தான். மாதம் 4,000 ரூபா. வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் என்று பஸ்ஸில் நாலு மாதம் போய் வந்தான். பிறகு பின்னேர பஸ் சரிவரவில்லை, விட்டுவிட்டான். விட்டதை அங்கே சொல்லவில்லை. அது அவன் பிழை, மறைக்க மாட்டோம். மிச்சம் 8 மாதத்துக்கு 32,000. வந்தவர் கேட்டதோ 57,000. தாமதக் கட்டணமாம், லோயர் செலவாம். "இண்டைக்கு ஒரு பத்தாயிரமாவது தாங்கோ மாஸ்டர், இல்லாட்டி பொலிஸ்தான்" என்றார்.

உண்மையைச் சொன்னால், கொடுக்கத்தான் கை போனது. பொலிசுக்குப் பயந்து இல்லை, வேலிக்கு மேலால் பார்த்த கண்களுக்காக. மாற்றலாகி வந்து வாடகை வீட்டில் இருக்கிற எங்களுக்கு இந்த ஊரில் உள்ள சொத்து பெயர் ஒன்றுதான். அந்தத் தம்பிக்கு அது நல்லாகத் தெரியும்.

கொடுக்கவில்லை. கையெழுத்து வைத்த படிவத்தின் பிரதி, 57,000 எப்படி வந்தது என்ற கணக்கு, அவரை அனுப்பியதற்கு ஒரு கடிதம், மூன்றையும் கொண்டு வரச் சொன்னோம். குரல் இறங்கியது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். (வசூலிக்கிற காசில் ஒரு பங்குதான் தனக்குச் சம்பளம் என்றார். அவரும் யாரோ பெற்ற பிள்ளை.) பத்து நாளில் பிரதி வந்தது. அதில் தாமதக் கட்டணம் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு மாதம் முன்னறிவித்து விலகலாம் என்று மட்டும் இருந்தது. நேரே ஜிம்முக்குப் போய்க் கதைத்து, இரண்டு மாதக் காசு 8,000 கட்டி, 'கணக்கு முடிந்தது' என்று எழுதிய பற்றுச்சீட்டோடு வந்தோம்.

கட்டாத ஜிம் காசு குடியியல் விவகாரம். பொலிஸ் பிடித்து அடைக்கிற குற்றம் இல்லை. ஒப்பந்தக் கடனைக் கட்ட முடியாததற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் போடக்கூடாது என்கிற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1980 இலேயே ஏற்றுவிட்டது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுச் சாமானில் கைவைக்கவும் முடியாது. வட்ஸ்அப்பில் வருவது அழைப்பாணை இல்லை. சிறு தொகைப் பிணக்கு என்றால் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். எழுத்தில் உள்ள ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக 6 வருடம்தான் காலம். பழைய கணக்கோடு யாராவது வந்தால் முதலில் திகதியைப் பாருங்கோ. படலையில் வெருட்டினால், முறைப்பாடு கொடுக்கப் பொலிசுக்குப் போகவேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஜிம் கடன் சின்ன விஷயம். இதே வித்தையைப் பெரிதாகக் கண்டது நுண்கடனில். குழுவாகக் கடன் கொடுத்தார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அடகு வைக்க நகை இல்லாத பெண்களிடம் அடகு வாங்கியது பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைத்தான். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் பொஹோஸ்லவ்ஸ்கி, வசூலிக்க வருபவர்கள் பெண்களைப் படுத்திய பாட்டைப் பதிவு செய்தார். அதே வருடம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், யாழ்ப்பாணமும் அடக்கம், பெண்கள் கட்ட முடியாமல் விட்ட ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. ஆனாலும் 2021 இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது.

கடன் கட்டத் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் மார்க்கத்தில் ஒருவர் மௌத்தானால், சொத்தைப் பிரிக்க முன்னம் அவருடைய கடனைத்தான் தீர்க்க வேண்டும். குர்ஆனில் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். அதற்குச் சற்று முன்னுள்ள வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் தவணை கொடுக்கச் சொல்கிறது. எழுத்தும் தவணையும் இரண்டும் வேண்டும். படலையில் வந்து சத்தம் போடுகிறவரிடம் இரண்டுமே இல்லை.

எங்களுக்குக் கோபம் அந்தத் தம்பியில் அவ்வளவு இல்லை, சந்திக் கடையில்தான். ஒருவராவது "அதை ஏன் இங்க சொல்லுறீர், வீட்டில போய்க் கேளும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கை நீட்டி வழி காட்டினார்கள். முன்னம் வேறு வீடுகளுக்கு இப்படி ஆட்கள் வந்தபோது நாங்களும் வேலிக்கு மேலால் பார்த்தவர்கள்தான், அதையும் ஒத்துக்கொள்கிறோம்.

கிழமைக்கு ஒருநாள் கதவைப் பூட்டி, உள்ளே ஆள் இல்லாத மாதிரி இருக்கிற வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. எந்த வீடு என்று எழுத மாட்டோம். கட்டுகிற புத்தகம், கையெழுத்து வைத்த கடதாசி, வந்த கடிதம் எது இருந்தாலும் கொண்டு வாங்கோ. சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தாலும் வாசித்துச் சொல்வோம், கணக்கையும் போட்டுப் பார்ப்போம். செவ்வாயும் வியாழனும் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் நிற்போம். பின்பக்கத்தாலும் வரலாம், அங்கேயும் ஒரு படலை இருக்கிறது.