கிளாம்ப் இறுகாமல் வேலை முடிவதில்லை

காருக்குப் பேட்டரி மாற்றுவது இன்று அரை மணி நேர வேலை. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று போன் செய்தால், கடைக்காரர் புதிய பேட்டரியோடு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, இரண்டு டெர்மினலையும் முடுக்கி, வண்டி ஸ்டார்ட் ஆனதும் பில்லைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். இந்த அவசரத்தில் பல நேரம் விடுபட்டுப்போவது, பேட்டரியை டிரேயோடு பிடித்து நிறுத்தும் கிளாம்ப். பழைய கிளாம்ப் புதிய பேட்டரிக்குச் சேரவில்லை என்று ஓரமாக வைக்கப்படுகிறது. அல்லது துருவேறிய போல்ட் முறிந்து, அத்தோடு கைவிடப்படுகிறது. வண்டி ஓடுவதால் குறை யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனாலும் கிளாம்ப் இல்லாத பேட்டரி பாதியில் நின்ற வேலைதான். அதை முடித்துக் கொடுப்பது, பேட்டரியை விற்றுப் பொருத்துகிறவரின் கடமை என்று எழுத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தக் குறைக்கு வேர் அளவில் இருக்கிறது. நம் சந்தையில் ஜப்பானிய அளவு, ஜெர்மானிய டின் அளவு என்று இரண்டு மரபுகள் கலந்து புழங்குகின்றன. சிறிய கார்களில் பரவலாக உள்ள 38பி20 என்ற ஜப்பானிய வகையும் டின் 44 வகையும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 20 சென்டிமீட்டர். அகலத்தில் முந்தையது 13 சென்டிமீட்டருக்குள் அடங்கும், பிந்தையது 17.5 சென்டிமீட்டர். டின் பேட்டரியின் அடிப்பகுதியில் விளிம்பு இருக்கும். கிளாம்ப் அந்த விளிம்பைக் கவ்விக்கொள்ளும். ஜப்பானிய வகையை மேலே ஒரு பட்டையும் பக்கத்துக்கொரு கொக்கிக் கம்பியும் அழுத்திப் பிடிக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பிடிமானம் தானாகவே போய்விடுகிறது. அதோடு, டின் வகையில் மூடியின் மட்டத்துக்குள் பதிந்திருக்கும் டெர்மினல்கள் ஜப்பானிய வகையில் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். எனவே ஆம்பியரும் விலையும் பொருந்திவந்தாலும் அந்தப் பேட்டரி அந்த வண்டிக்கு உரியதாகிவிடாது.

பேட்டரி கனமானது, அதன் எடையே அதை அசையாமல் வைத்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நின்றிருக்கும் வண்டியில் அது சரி. ஓடும் வண்டியில் அந்த எடையே எதிரியாகிறது. வேகத்தடையைத் தாண்டி டிரே சட்டென்று கீழிறங்கும்போது, பிடிமானமில்லாத பேட்டரி ஒரு கணம் அந்தரத்தில் நின்று பிறகு டிரேயில் மோதுகிறது. சுமார் 10 கிலோ எடையின் மோதல் அது. வேகத்தடைகள் 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக ஏறி இறங்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறை. நம் தெருக்களில் குறுகிய மேடுகளே அதிகம். ஒவ்வொன்றும் ஓர் உதை. உள்ளே ஈயத் தகடுகளில் பூசியிருக்கும் பொருள் அதிர்வில் உதிர்ந்து அடியில் படிகிறது. படிவு உயர்ந்து தகடுகளைத் தொட்டால் அந்த செல் செத்துவிடும். ஆறு செல்களில் ஒன்று போனாலும் 12 வோல்ட் கிடைக்காது. ஆக, கிளாம்பை விட்டுவிட்டவர் தன் பேட்டரியின் ஆயுளையும் தானே குறைத்துக்கொள்கிறார்.

பணத்தைவிடப் பெரிய கவலை நெருப்பு. காரின் உடல் முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தோடு இணைந்தது. நகர்ந்தோ எகிறியோ பாசிட்டிவ் டெர்மினல் பானெட்டின் அடித்தகட்டைத் தொட்டால் நேரடி ஷார்ட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளில் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது; பாய்ச்சலை நிறுத்த அங்கே எதுவுமில்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜனையும் வெளியிடும். காற்றில் 4 சதவீதம் கலந்திருந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஒரு பொறி போதும். எஞ்சின் ஓடும்போது ஆட்டத்தில் கேபிள் கழன்றால், தடுப்பு அமைப்பு இல்லாத ஆல்டர்னேட்டரில் மின்னழுத்தம் கணநேரம் 100 வோல்ட் வரை எகிறக்கூடும். வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் தாங்கும் அளவல்ல அது. விபத்து நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: பெட்டி உடைந்து, சிதறும் கந்தக அமிலம் உதவிக்கு ஓடிவருபவரின் கண்ணிலும் படலாம்.

இரண்டு தடித்த கேபிள்கள் இழுத்துப் பிடிக்கின்றனவே என்று கேட்கலாம். கேபிள் மின்சாரம் கடத்த வந்தது; அதன் மேல் சுமையை ஏற்றினால் டெர்மினலின் அடிப்பகுதி விரிசல் விட்டு அமிலம் கசியும். கட்டுக்கம்பி, சைக்கிள் டியூப், அட்டைத் துண்டு என்று கிடைத்ததைக் கொண்டு சமாளிப்பதும் தீர்வாகாது. கம்பியே ஷார்ட்டுக்குப் பாலமாகலாம். ரப்பர் எஞ்சின் சூட்டில் தளரும். அட்டை ஈரத்தில் ஊறிப்போகும். அந்த வண்டிக்கும் அந்தப் பேட்டரி அளவுக்கும் உரிய கிளாம்ப்தான் வேண்டும். அதையும் அளவோடு முடுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் பெட்டி விரியும்.

தன் வண்டியைப் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் வேலை, கடைக்காரர் மேல் ஏன் சுமத்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கார் ஓட்டும் பெரும்பாலோர் பானெட்டைத் திறப்பதில்லை. திறந்தாலும் எது இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. அரசும் பார்ப்பதில்லை. வாடகை, சரக்கு வண்டிகள் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போகின்றன. சொந்தக் காருக்கோ பதிவு 15 ஆண்டு. அதுவரை கட்டாயத் தகுதிச் சோதனை இல்லை. நம் வெயிலில் அதற்குள் மூன்று நான்கு முறை பேட்டரி மாறிவிடும். பிரிட்டனின் எம்.ஓ.டி. ஆண்டுச் சோதனையில் பேட்டரி உறுதியாக நிற்கிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. இங்கே அந்த இடத்தில் வண்டியைத் தொடும் தேர்ந்த கை பேட்டரி பொருத்துகிறவருடையது மட்டுமே.

சிறிய கடைகளுக்கு இது பாரம் என்ற வாதமும் வரும். பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் கிளாம்பின் விலை மிகச் சொற்பம். அதைத் தனியாக பில்லில் சேர்ப்பதிலும் தவறில்லை. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் கடமையை 2001-இல் வந்த பேட்டரி விதிகளே விற்பனையாளருக்கு விதித்தன; இன்று எக்சேஞ்ச் இல்லாத பேட்டரிக் கடை அரிது. பழையதை எடுத்துச் செல்லும் பொறுப்பை இயல்பாக ஏற்றுக்கொண்ட தொழில், புதியதை உறுதியாக நிறுத்தும் பொறுப்பையும் ஏற்க முடியும். வாரண்டி அட்டையில் தேதி, எண் எழுதும் இடத்துக்குக் கீழே ‘கிளாம்ப் பொருத்தப்பட்டது’ என்று ஒரு வரியும் கையொப்பமும் இருக்கட்டும். தயாரிப்பு நிறுவனங்கள் நினைத்தால் அடுத்த அட்டையிலேயே அச்சிடலாம். அதுவரை, பில்லை வாங்குமுன் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, டெர்மினலைத் தொடாமல் பேட்டரிப் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கடைக்காரருக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அதை முடித்த பிறகு பணம் கொடுக்கலாம்.