சோறா, சாதமா, அன்னமா?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் (நல்ல காபியும் ஓசிப் பேப்பரும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான்). டம்ளரை வாயில் வைப்பதற்குள் அக்கா பையன் தலையணை சைஸ் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"மாமா, 'லகோனிக்'னா என்ன?"

"தெரியாது."

"கரெக்ட்!"

"என்னடா கரெக்ட்?"

"சுருக்கமாப் பேசறதுக்குப் பேருதான் லகோனிக். இப்ப நீங்க பேசினீங்களே, அது."

பதில் தெரியாமலே சரியாக விடை சொன்ன ஒரே பரீட்சை அதுதான். பி.காம். படித்த மூன்று வருஷத்தில் இந்த அதிர்ஷ்டம் ஒரு தடவைகூட வாய்த்ததில்லை.

பையன் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போவதாக உத்தேசம். அதற்கு ஜி.ஆர்.இ. பரீட்சை எழுத வேண்டும். புத்தகத்தின் பின்னால் மூவாயிரத்து ஐந்நூறு வார்த்தைகள். நாளைக்கு 50 வீதம் 70 நாளில் முழுங்கிவிடுவதாகத் திட்டம். வீடு முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தான். ஃப்ரிட்ஜ் கதவில் 'ஃப்ரிஜிட்'. பாத்ரூம் கதவில் 'அப்ளூஷன்'. பூஜை அலமாரியில் 'சாங்டிமோனியஸ்'. நல்ல வேளை, பிள்ளையாருக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார், 'பக்தி வேஷம் போடுகிறவன்' என்று அர்த்தம்.

"இவன் கிளம்பறதுக்குள்ள எனக்கு இங்கிலீஷ் வந்துடும்டா" என்றாள் அக்கா.

"சிம்பிள் மாமா. ஒரு வார்த்தை, ஒரு வரி அர்த்தம். மனப்பாடம் பண்ணினா முடிஞ்சுது" என்றான் பையன்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், இதே 'சிம்பிள்' வழியில் நான் ஒருமுறை போய் விழுந்திருக்கிறேன்.

2010-ல் தி.நகரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் சேர்ந்திருந்தேன் (பெயர் வேண்டாமே). பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கணக்கு வரும், இங்கிலீஷ் வராது. லஸ் கார்னர் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வார்த்தைகளை உருப்போட்டேன். எங்கள் மேனேஜர் ஓய்வு பெறும் நாள் வந்தது. வழியனுப்பு விழா. ஜூனியர் சார்பில் இரண்டு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டார்கள். மனுஷன் எல்லோருக்கும் வலியப் போய் உதவுகிறவர். 'தானாக முன்வந்து உதவுகிற' என்பதற்கு என் புத்தகத்தில் ஒரு பிரமாதமான வார்த்தை இருந்தது. மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "நான் பார்த்த அதிகாரிகளிலேயே மிகவும் 'அஃபிஷஸ்' ஆனவர் நமது மேனேஜர்!"

பாதி ஹால் சிரித்தது. மீதி பாதி, சிரித்தவர்களிடம் அர்த்தம் கேட்டுவிட்டுச் சிரித்தது.

'அஃபிஷஸ்' ஒரு காலத்தில் நல்ல வார்த்தையாகத்தான் இருந்ததாம். இப்போது அதற்கு அர்த்தம், வேண்டாத விஷயத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிறவர். அவர் மூக்கு அப்படிப்பட்டதுதான் என்பது ஆபீசுக்கே தெரியும். சிரிப்பு அத்தனை பலமாக வந்ததற்குக் காரணம் அதுதான். மேனேஜர் மட்டும் "தேங்க் யூ" என்று கை கூப்பினார். வீட்டுக்குப் போய் டிக்‌ஷனரி பார்க்காமல் இருப்பாரா?

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் ஆபீசில் இங்கிலீஷில் வாயைத் திறக்கவில்லை. மீட்டிங்கில் கடைசி நாற்காலி. எனக்குத் தெரிந்த பதிலைப் பக்கத்து சீட்டுக்காரர் காதில் சொல்வேன், அவர் எழுந்து சொல்லிப் பேர் வாங்குவார். பம்பாய் ஆபீசுக்கு ஓர் ஆளை அனுப்பினார்கள். என் கணக்கை எடுத்துக்கொண்டு அவர்தான் போனார். ஒரே ஒரு வார்த்தைக்கு நான் கட்டிய அபராதம் அது.

இதைப் பையனிடம் சொன்னேன். "நீங்க தப்பான புத்தகம் வாங்கிட்டீங்க மாமா" என்று முடித்துவிட்டான். மதியம் அக்கா சாப்பாடு போடும்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது.

"டேய், சோறு, சாதம், அன்னம். மூணுக்கும் என்னடா வித்தியாசம்?"

"ஒண்ணுதானே?"

"அப்ப நாளைக்கு ஹோட்டல்ல போய், 'அண்ணே, இன்னும் கொஞ்சம் அன்னம் போடுங்க'ன்னு கேட்டுப் பாரு."

சிரித்துவிட்டான். சிநேகிதனிடம் "சோறு சாப்ட்டியா?" சரி. கல்யாணப் பந்தியில் "சாதம் போடுங்க" சரி. கோயிலில் அன்னதானம்தான், சோற்றுதானம் என்று யாரும் போர்டு வைப்பதில்லை. சட்டியில் இருப்பது ஒரே பொருள். எந்த இடத்தில் எந்த வார்த்தை என்பதை யாரும் நமக்குப் புத்தகம் போட்டுச் சொல்லித் தரவில்லை, ஆயிரம் தடவை கேட்டுக் கேட்டுத் தானாக வந்தது.

இங்கிலீஷும் இதே கதைதான். 1066-ல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது பிரெஞ்சு உள்ளே வந்தது. மாடு மேய்த்தவன் வாயில் அது 'கவ்'; துரை வீட்டுத் தட்டுக்கு வந்தால் பிரெஞ்சிலிருந்து வந்த 'பீஃப்'. பின்னாலேயே படித்தவர்கள் மூலம் லத்தீன் வந்து மூன்றாவது அடுக்காக உட்கார்ந்தது. ஆகவே கேட்பதற்கு 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டராகேட்' என்று மூன்று. அம்மா 'ஆஸ்க்' பண்ணுவாள், வக்கீல் 'கொஸ்டின்' பண்ணுவார், போலீஸ் 'இன்டராகேட்' பண்ணும். பட்டியலில் மூன்றுக்கும் 'கேள்' என்று ஒரே அர்த்தம் போட்டிருந்தால், பட்டியலை நம்பினவன் மாமனாரையே 'இன்டராகேட்' பண்ணப் போவான்.

பரீட்சை வைப்பவர்களுக்கே இது உறைத்திருக்க வேண்டும். 2011 ஆகஸ்டில் ஜி.ஆர்.இ.யை மாற்றியபோது, எதிர்ப்பதம் சொல்லு, ஜோடி சேரு என்ற பழைய கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது முழு வாக்கியம் கொடுத்து, கோடிட்ட இடத்துக்குப் பொருந்தும் வார்த்தை எது என்றுதான் கேட்கிறார்கள். அதாவது, இது பந்தியா, கோயிலா, சிநேகிதன் வீடா என்று பார்த்துப் பரிமாறு!

இந்த விஷயத்தில் நம்மைவிடக் கஷ்டப்படுகிற ஜனங்கள் உண்டு. சீனாவில் 1993-ல் யூ மின்ஹாங் என்பவர் பெய்ஜிங்கில் 'நியூ ஓரியன்டல்' என்று ஒரு ட்யூஷன் பள்ளி ஆரம்பித்தார். அமெரிக்கா போக ஆசைப்பட்ட மாணவர்கள் அங்கே குவிந்தார்கள். அவருடைய ஜி.ஆர்.இ. வார்த்தைப் புத்தகத்துக்குச் சிவப்பு அட்டை. 'சிவப்புப் பொக்கிஷம்' என்றே பேர். சீன மாணவர்களிடையே பிரபலமான ஜோக் ஒன்று உண்டு. வார்த்தைப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வார்த்தை 'அபாண்டன்', அதாவது கைவிடு. அதைப் படித்த கையோடு புத்தகத்தையே கைவிட்டுவிடுவார்களாம்.

சிரிக்காதீர்கள், அவர்கள் பாடு அப்படி. சீன மொழியில் போனுக்கு 'மின்பேச்சு', கம்ப்யூட்டருக்கு 'மின்மூளை', சினிமாவுக்கு 'மின்நிழல்' என்று பொருள்படும் சொந்த வார்த்தைகள். இங்கிலீஷ் படிக்கிற சீனப் பையன் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறான். நாமோ பிறந்ததிலிருந்தே போன், பஸ், டென்ஷன், அட்ஜஸ்ட் என்று பாதி இங்கிலீஷில்தான் குடித்தனம் நடத்துகிறோம். அதிலும் ஒரு வம்பு. நம்ம ஊர் 'ஹோட்டல்' இட்லி சாப்பிடுகிற இடம். வெள்ளைக்காரனுக்கு அது படுத்துத் தூங்குகிற இடம்.

இன்னொரு சாவியும் நம் இடுப்பில் இருக்கிறது. தமிழில் புழங்கும் சம்ஸ்கிருத வார்த்தைகள் பல, லத்தீனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தந்தம்—டென்டல். பாதம்—பெடஸ்ட்ரியன். தானம்—டொனேட். தசம்—டெசிமல். மரணம்—மார்ட்டல். 'இம்மார்ட்டல்' என்றால் சாகாதவர், நம்முடைய 'அமரர்' அதற்குப் பங்காளி (அந்தச் சாகாதவரை நாம் ஏற்றிக்கொண்டு போவது அமரர் ஊர்தியில் என்பது வேறு விஷயம்). சம்ஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே வேரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-ல் கல்கத்தாவில் பேசியவர் ஸர் வில்லியம் ஜோன்ஸ். தமிழ், தெலுங்கு, கன்னடமெல்லாம் தனிக் குடும்பம் என்று 1816-ல் எடுத்துக்காட்டியவர் நம் மெட்ராஸ் கலெக்டர் எல்லிஸ். ஆக, இந்தச் சாவி நமக்குச் சொந்தமில்லை, கடன் வாங்கினதுதான். கதவு திறக்கிறதே, அது போதாதா!

பையன் கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி மாமா, ஆனா இன்னிக்குப் படிச்சது நாளைக்கு மறந்துடுதே?"

மறக்கத்தான் செய்யும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் எழுதினார். முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம் பறக்கிறது. விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் தங்குகிறது. லைட்னர் என்ற இன்னொருவர் 1972-ல் இதற்கு ஒரு பெட்டி சொன்னார். நாங்கள் அடையாறில் வாங்கின ஸ்வீட் டப்பாவை அட்டையால் ஐந்து அறையாகத் தடுத்தோம். புது வார்த்தைகள் முதல் அறையில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்கு பிரமோஷன். அதை இன்னும் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் அறை. என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டேன்: சீட்டில் அர்த்தம் மட்டும் எழுதக் கூடாது, நிஜமாக எங்கேயோ படித்த ஒரு வாக்கியமும் எழுத வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். சீட்டுகளை எடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சீட்டில் 'பரையா' என்று இருந்தது.

"ஒதுக்கப்பட்டவன்" என்றான் டாண் என்று.

"எங்கேருந்து வந்த வார்த்தை?"

"லத்தீன்?"

"இல்லைடா. தமிழ்."

பையன் முகம் மாறியது. பறையர் என்ற நம் ஊர் ஜனங்களின் பேர் அது. பறை அடிப்பதோடு சேர்த்துச் சொல்லப்படும் பேர். பறைதல் என்றால் தமிழில் சொல்லுதல் என்றும் அர்த்தம். சேதி சொன்ன வாத்தியத்தின் பேரைக் கப்பலேற்றி, நாம் அவர்களை நடத்திய விதத்தையே அதற்கு அர்த்தமாக்கி, உலகம் முழுக்க டிக்‌ஷனரியில் போட்டுவிட்டார்கள். இந்த வார்த்தையை இப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று இன்று பலர் கேட்கிறார்கள். ஒரு வரி அர்த்தத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

பையன் ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பின்பக்கம் இரண்டு வரி எழுதினான்: 'பரீட்சையில் வந்தால் தெரியும். என் வாயில் வராது.'

அன்று சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கப் போனேன். வழியில் லஸ்ஸில் சீனிவாச சாஸ்திரி ஹால் இருக்கிறதே, அந்த சாஸ்திரி 1869-ல் வலங்கைமானில் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, வெள்ளைக்காரர்களே 'வெள்ளி நாக்கு' என்று பாராட்டும்படி இங்கிலீஷ் பேசினவர். பிறவியிலேயே வெள்ளி இல்லை, வலங்கைமான் நாக்குதான். இப்படி நினைத்துக்கொண்டே போனவன் எதிரே வந்தவரைப் பார்த்து அப்படியே நின்றேன்.

என் பழைய மேனேஜர்!

மரத்துக்குப் பின்னால் ஒதுங்கலாமா என்று பார்ப்பதற்குள் பிடித்துவிட்டார். வேலை, குடும்பம், சம்பளம், வீட்டு வாடகை, ஏன் தொந்தி என்று ஐந்து நிமிஷத்தில் ஐம்பது கேள்வி. மனுஷன் மாறவே இல்லை. கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஸார், அன்னிக்கு ஃபேர்வெல்ல ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன்.

"அஃபிஷஸ்தானே? அன்னிக்கு ராத்திரியே டிக்‌ஷனரி பார்த்துட்டேன்."

"மன்னிச்சுக்குங்க ஸார். அர்த்தம் தெரியாம..."

"அட போப்பா! சம்சாரத்துகிட்ட காட்டினேன். 'முப்பது வருஷமா நான் தேடின வார்த்தை, யாருங்க அந்தப் பையன்?'னு கேட்டா."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரே ராத்திரியில் சிரித்து மறந்த வார்த்தைக்காக நான் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பாகச் சொன்னதால் நஷ்டம் ஒரு சாயங்காலம். பயந்து சும்மா இருந்ததால் நஷ்டம் பம்பாய்.

பையன் ஜி.ஆர்.இ. எழுதினான், நல்ல மார்க். மூவாயிரத்து ஐந்நூறையும் முடிக்கவில்லை. படித்த வரைக்கும் ஒழுங்காகப் படித்தான். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் அமெரிக்கக் கான்சலேட்டுக்கு விசா இன்டர்வ்யூவுக்குப் போனபோது நானும் துணைக்குப் போய் வெளியே காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னடா கேட்டாங்க?"

"ஏன் அமெரிக்கா போறேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"படிக்கன்னேன்."

"அவ்வளவுதானா? அத்தனை வார்த்தை படிச்சியே!"

"லகோனிக், மாமா" என்றான்.