பையன் உறுதியானவனா இல்லையா என்பது கேள்வியே இல்லை: பள்ளி மல்யுத்தமும் "வெயிட் கட்" வீராப்பும்

1) அமெரிக்காவுல பள்ளி மல்யுத்த சீசன் நவம்பர்ல தொடங்கும். கூடவே ரசிகர்களோட வருடாந்திரச் சண்டையும் தொடங்கிடும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுவும் தாங்காது. நாங்கல்லாம் ரெண்டு நாள் தண்ணி குடிக்காம எடை குறைச்சு மேட்ல இறங்கினோம். டாக்டருங்க புகுந்துதான் விளையாட்டே கெட்டுப்போச்சு." அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். அங்கே பிள்ளைகளை மல்யுத்தத்துக்கு அனுப்புற நம்ம ஊர்ப் பெற்றோரும் பொறுமையா படிங்க.

2) பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு அறிமுகம். பள்ளி மல்யுத்தத்துல எடை வாரியா பிரிவுகள் உண்டு. பல வருஷமா பசங்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 106 பவுண்டு, அதிகபட்சம் 285 பவுண்டு. ஒரு போட்டி மொத்தம் 6 நிமிஷம். 130 பவுண்டு இருக்கிற பையன் 120 பவுண்டு பிரிவுக்கு இறங்கினா, தன்னைவிடச் சின்ன உடம்புக்காரனோட மோதலாம். இந்த ஆசையிலதான் எல்லாம் ஆரம்பிக்குது. இதுக்குப் பேர்தான் வெயிட் கட்.

3) நம்ம ஊர்ல பலருக்கு இந்த வார்த்தை தெரிஞ்சதே 2024 ஆகஸ்ட் 7 அன்னிக்குத்தான். பாரிஸ் ஒலிம்பிக்ஸ், 50 கிலோ பிரிவு. இறுதிப் போட்டி நாள் காலையில வெறும் 100 கிராம் கூடுதலா இருந்ததால வினேஷ் போகத் தகுதி நீக்கம். ராத்திரி முழுக்க எடை குறைக்கப் பாடுபட்டு, கடைசியில முடியைக்கூட வெட்டிப் பார்த்தாங்க. நீரிழப்புக்குச் சிகிச்சையும் எடுக்க வேண்டி வந்தது. நாடே அழுதது.

4) அதே வாரம் அமன் ஷெராவத் 10 மணி நேரத்துல 4.6 கிலோ குறைச்சு, 57 கிலோ பிரிவுல வெண்கலம் ஜெயிச்சார். அதை ஊடகங்கள் வீர சாகசமா கொண்டாடின. அவரோட பதக்கத்துல எனக்கும் பெருமைதான். ஆனா அந்த 10 மணி நேரத்தைக் கொண்டாடினதுல எனக்கு உடன்பாடு இல்ல. அவர் வளர்ந்த மனுஷர். கூடவே பயிற்சியாளர் குழு, மருத்துவக் கண்காணிப்பு எல்லாம் உண்டு. நான் பேசுறது 14லிருந்து 18 வயசுப் பிள்ளைகளைப் பத்தி. அவங்க கூட இருக்கிறது ஒரு கோச், ஒரு எடை மெஷின், செல்போன்ல ஒரு வீடியோ.

5) கணக்கைப் பாருங்க. 10 பவுண்டுன்னா சுமார் 4.5 கிலோ. நாலஞ்சு நாள்ல அவ்வளவு கொழுப்பு கரையவே கரையாது. போறது பெரும்பாலும் தண்ணி. 130 பவுண்டு பையன் உடம்புல ஓடுற மொத்த ரத்தமே சுமார் 4 லிட்டர்தான். போற தண்ணி எல்லாமே ரத்தத்திலிருந்து போறதில்ல, தசை, திசு எல்லாத்திலிருந்தும்தான் போகுது. ஆனா எவ்வளவு பெரிய இழப்புன்னு புரிய இந்த ஒப்பீடு போதும்.

6) தண்ணி குறைஞ்சா ரத்த அளவு குறையும். அதே வேலையைச் செய்ய இதயம் வேகமா அடிக்கணும். தோலுக்குப் போற ரத்தம் குறையும், அதனால உடம்புச் சூடு வெளியேற வழி இல்லாம போகும். சிறுநீரகத்துக்குப் போற ரத்தமும் குறையும். அந்த நிலைமையிலேயே கடுமையா உடற்பயிற்சி செஞ்சா தசைகள் சிதைஞ்சு, அந்தக் கழிவும் சிறுநீரகத்து மேலதான் விழும். பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும்.

7) இதுல ரப்பர் சூட் வேற. வியர்த்தா உடம்பு குளிரும்னு பலர் நினைக்கிறாங்க. வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். ரப்பர் சூட்டுக்குள்ள வியர்வை ஆவியாகாது, வழிஞ்சுகிட்டே இருக்கும். குளிர்ச்சி பூஜ்யம், தண்ணி நஷ்டம் முழுசு. அதைப் போட்டுக்கிட்டு சூடான அறையில சைக்கிள் மிதிக்கிறது, காரை வெயில்ல நிறுத்தி, கண்ணாடியை ஏத்தி விட்டு, உள்ளே உட்கார்ந்து தண்டால் எடுக்கிற மாதிரி.

8) "இதனால யார் செத்தாங்க?"ன்னு கேட்பீங்க. சொல்றேன். 1997 நவம்பர் 7லிருந்து டிசம்பர் 9க்குள்ள, அதாவது 5 வாரத்துக்குள்ள, மூணு அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் செத்தாங்க. வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன். வயசு 19, 22, 21. மூணு பேரும் காற்றுப் புகாத சூட்டுக்குள்ள, சூடான இடத்துல, எடை குறைக்க உடற்பயிற்சி செஞ்சுகிட்டிருந்தவங்க. எதிராளி கையால யாரும் சாகல. மேட்ல இறங்கவே இல்ல.

9) இதைவிடக் கசப்பான விஷயம் ஒண்ணு இருக்கு. அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பு, மல்யுத்தக்காரங்களோட எடைக் குறைப்பு ஆபத்துன்னு 1976லயே அறிக்கை விட்டுச்சு. கல்லூரி விளையாட்டு அமைப்பு ரப்பர் சூட்டையும், எடை குறைக்கப் போடும் நீராவிக் குளியலையும், சிறுநீர் பெருக்கி மாத்திரைகளையும் தடை செஞ்சது 1998ல. நடுவுல 22 வருஷம். அந்த 22 வருஷமும் "டாக்டருக்கு மேட் மேல என்ன வேலை?"ன்னுதான் கேட்டாங்க. பதில் சொல்ல மூணு சவப்பெட்டி தேவைப்பட்டுச்சு.

10) இப்போ பள்ளிகளுக்கும் விதி இருக்கு. 2006-07 சீசனிலிருந்து தேசியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்போட விதிப்படி, சீசன் தொடக்கத்துல முதல்ல யூரின் டெஸ்ட். அடர்த்தி 1.025க்கு மேல இருந்தா, உடம்புல தண்ணி போதலன்னு அர்த்தம், அன்னிக்கு எடை பார்க்க மாட்டாங்க. அப்புறம் கொழுப்பு அளவு. பையன்னா 7 சதவீதத்துக்கும், பொண்ணுன்னா 12 சதவீதத்துக்கும் கீழ போற எடைப்பிரிவு கிடையாது. அதோட வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல எடை குறைக்கக் கூடாது. நம்ம 130 பவுண்டு பையன் 120க்கு வரணும்னா 5 வாரத்துக்கு மேல ஆகும். இவ்வளவுதான் விதி. இதுக்குத்தான் "விளையாட்டு செத்துப்போச்சு"ன்னு ஒப்பாரி.

11) ரசிகர்களோட வாதங்களுக்கு ஒவ்வொண்ணா வர்றேன். முதல் வாதம்: "நாங்களும் செஞ்சோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே." ஐயா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாததாலதான் நீங்க இங்க வந்து பேசுறீங்க. ஆனவங்க வந்து பதில் எழுத முடியாது. ஹெல்மெட் போடாம 30 வருஷம் பைக் ஓட்டினவரும் இதையேதான் சொல்வார்.

12) ரெண்டாவது: "இது ஒழுக்கம், மன உறுதி." விடியற்காலையில எழுந்து ஓடுறது மன உறுதி. ஒரே பிடியை ஆயிரம் தடவை பழகுறது மன உறுதி. தோத்த பிறகும் எதிராளி கையைக் குலுக்கிட்டு வர்றது மன உறுதி. கிளாஸ் ரூம்ல உட்கார்ந்து பாட்டில்ல எச்சில் துப்புறது மன உறுதி இல்ல. நாக்கு வறண்ட பிள்ளைக்குப் பாடமும் ஏறாது, பிடியும் நிக்காது. நீரிழப்பு உடம்பு எடையில 2 சதவீதத்தைத் தாண்டினாலே தாக்குப்பிடிக்கும் திறன் குறைய ஆரம்பிச்சிடும்.

13) மூணாவது: "எல்லாரும் குறைக்கிறாங்க, என் பையன் மட்டும் குறைக்கலன்னா அடி வாங்குவான்." இதுதான் நேர்மையான வாதம். இதுலதான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கு. கூத்து பார்க்கிற இடத்துல முன் வரிசை எழுந்து நின்னா பின் வரிசையும் எழுந்திரிக்கணும். கடைசியில எல்லாரும் நிக்கிறாங்க, யாருக்கும் முன்னைவிட நல்லா தெரியல, கால் வலிதான் மிச்சம். எல்லாப் பையனும் 10 பவுண்டு குறைச்சா, அதே பையன்கள்தான் அதே எதிராளிகளோட மோதப்போறாங்க. ஒரே வித்தியாசம், எல்லாரும் தாகத்தோட மோதுவாங்க.

14) அதனாலதான் விதி வேணும்னு சொல்றோம். தனி ஒரு பையனையோ ஒரு அம்மாவையோ திட்டி இது சரியாகாது. எல்லாரையும் ஒரே நேரத்துல உட்கார வைக்கணும். அதை விதியால மட்டும்தான் செய்ய முடியும்.

15) நாலாவது: "டெஸ்டை ஏமாத்துறாங்க. குடம் குடமா தண்ணி குடிச்சிட்டு வர்றாங்க. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" பரீட்சையில காப்பி அடிக்கிறான்னு பரீட்சையையே ஒழிப்பீங்களா, இல்ல கண்காணிப்பைக் கூட்டுவீங்களா? இன்னொண்ணு, கொஞ்ச நேரத்துல அளவுக்கு மீறித் தண்ணி குடிக்கிறதும் ஆபத்துதான். ரத்தத்துல சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். பிள்ளைக்கு இந்தக் குறுக்கு வழியைச் சொல்லிக் கொடுக்கிற பெரியவங்க முதல்ல இதைத் தெரிஞ்சுக்கணும்.

16) அஞ்சாவது: "பையனே விரும்பித்தான் செய்றான்." இதைக் கேட்டாத்தான் எனக்குக் கோபம் வரும். அணிப் போட்டியில ஒரு எடைப்பிரிவுக்கு ஆள் இல்லன்னா எதிரணிக்கு மோதாமலே 6 புள்ளி. கோச்சுக்கு அந்த இடத்தை நிரப்பணும். ஏற்கெனவே 120ல ஒரு சீனியர் இருக்கான். அப்போ 9ஆம் வகுப்புப் பையன் முகத்தைப் பார்த்து, "நீ 106க்கு இறங்கிட்டா டீம்ல இடம் உண்டு, தம்பி"ன்னு சொன்னா அவன் என்ன சொல்வான்? "சரி கோச்"னுதான் சொல்வான். கணக்குப் போட்டது பெரியவங்க, பட்டினி கிடக்கிறது அவன். அதுக்கு "அவன் விருப்பம்"னு பேர் வைக்காதீங்க.

17) பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2022-23 சீசன்ல அமெரிக்கப் பள்ளிகள்ல மல்யுத்தம் ஆடுற பெண்கள் 50 ஆயிரத்தைத் தாண்டிட்டாங்க. மனசு நிறையுது. ஆனா சாப்பாடு போதாம உடம்பு இளைச்சா மாதவிடாய் நிக்கும், எலும்பு வலு குறையும். "சீசன்ல அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடாதீங்க. மூணு மாசம் மாதவிடாய் வரலன்னா டாக்டரைப் பாருங்க.

18) நியாயமா ஒண்ணைச் சொல்லணும். "எடை குறைச்சா உயரமே வளராது"ன்னு சிலர் பயமுறுத்துறாங்க. அப்படி நிரந்தரமா குட்டையாயிடுவாங்கன்னு நிரூபணம் இல்ல. சீசன்ல சத்தும் ஹார்மோனும் குறைஞ்சு, சீசன் முடிஞ்சு நல்லா சாப்பிட்டதும் திரும்ப ஏறுறதைத்தான் ஆய்வுகள் காட்டியிருக்கு. இல்லாத பூதத்தைக் காட்டி வாதாட வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. இருக்கிற ஆபத்தே போதும்.

19) "அதெல்லாம் 1997 கதை"ன்னு சொல்றவங்களுக்கு: 2020 ஆகஸ்ட்ல கென்டக்கி மாநிலத்துல 20 வயசுக் கல்லூரி மல்யுத்த வீரர் ஒருத்தர் கடும் பயிற்சிக்குப் பிறகு வெப்பத் தாக்கத்தால இறந்தார். தண்ணி கேட்டும் மறுக்கப்பட்டதா குடும்பம் வழக்குப் போட்டுச்சு. 2023ல ஒரு கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல கொடுத்துக் கல்லூரி சமரசம் செஞ்சுச்சு. இது எடைக் குறைப்பு இல்ல, பயிற்சி. ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்: தண்ணி கேட்கிறவன் கோழைங்கிற எண்ணம்.

20) நான் மல்யுத்தத்துக்கு எதிரி இல்ல. உயரம் வேண்டாம், பெரிய உடம்பு வேண்டாம், ஒல்லியா குட்டையா இருக்கிற பிள்ளைக்கும் சம எடையில ஒரு எதிராளியும் ஒரு மேட்டும் தர்ற விளையாட்டு இது. எடைப்பிரிவு உருவானதே சின்ன உடம்பைப் பாதுகாக்கத்தான். அதையே சின்ன உடம்பை வதைக்கிற கருவியா மாத்தினது நாம.

21) பெற்றோர் சீசனுக்கு முன்னாடி கோச்கிட்ட கேட்க வேண்டியது மூணு. "என் பிள்ளையோட குறைந்தபட்ச எடைன்னு சான்றிதழ்ல என்ன போட்டிருக்கு?" "எந்தப் பிரிவுல ஆட வைக்கப் போறீங்க, ஏன்?" "இன்னிக்கு இருக்கிற எடையிலேயே ஆடினா அணியில இடம் உண்டா?" மூணாவதுக்கு மழுப்பலா பதில் வந்தா, பிள்ளை மேல அழுத்தம் இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க.

22) வீட்டுல கவனிக்க: சிறுநீர் அடர் மஞ்சளா, பழுப்பா போறது. எழுந்தா தலை சுத்துறது. பாட்டில்ல துப்புறது. பேதி மாத்திரை, சிறுநீர் பெருக்கி மாத்திரை பையில இருக்கிறது. குளியலறைக் கதவைச் சாத்திட்டு வெந்நீரைத் திறந்து விட்டு மணிக்கணக்கா உள்ளேயே இருக்கிறது. இதுல எதைப் பார்த்தாலும் அன்னிக்கே பேசுங்க. திட்டாதீங்க, பேசுங்க.

23) பயிற்சியில பிள்ளை உளறினா, தள்ளாடினா, சுருண்டு விழுந்தா அதை வெப்பத் தாக்கம்னே எடுத்துக்கோங்க. வியர்வை நிக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம், வியர்த்துக்கிட்டே கூட வரலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு, அது வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. ஐஸ் தண்ணி நிரம்பின தொட்டியில தலை மட்டும் வெளியே இருக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு உட்கார வைங்க. தொட்டி இல்லன்னா தண்ணியை ஊத்திக்கிட்டே இருங்க, ஐஸ் துண்டுகளை உடம்பு முழுக்க வைங்க. முதல்ல குளிர்விக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. முதல் அரை மணி நேரம் உயிரைத் தீர்மானிக்கும்.

24) ரசிகர் நண்பர்களே, அடுத்த தடவை "இந்தப் பையன் உறுதியானவனா?"ன்னு விவாதம் தொடங்கும்போது, "அவனை அந்த எடைக்கு இறக்கினது யாரு?"ன்னு ஒருத்தராவது கேளுங்க. பிள்ளைங்க விளையாடுற வீட்டுக்கு இந்த இழையை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.