வினைல் பாக்ஸ் செட்: விலை ஏறிவிட்டது, தரம் ஏறியதா? வாங்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

பெரிய அட்டைப் பெட்டி. உள்ளே ஐந்தாறு இசைத்தட்டுகள், தடிமனான புகைப்படப் புத்தகம். மேலே '180 கிராம்', 'ரீமாஸ்டர்' என்று பளபளக்கும் ஸ்டிக்கர். பழைய ராக் ஆல்பங்கள் இப்போது இப்படித்தான் மறுபடியும் கடைக்கு வருகின்றன. விலை சில நூறு ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டுகிறது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட் எனும்போது, இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு.

"இவ்வளவு காசு கொடுத்தா சத்தம் நல்லாத்தானே இருக்கும்?" என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. இசைத்தட்டின் தரத்தை முடிவு செய்யும் விவரங்கள் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கரில் இருப்பதில்லை.

ஏன் இத்தனை மறுவெளியீடுகள்?

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ கணக்குப்படி, 2022-இல் அந்நாட்டில் சுமார் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன. சிடி விற்பனை சுமார் 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

தேவை கூடியது. ஆனால் தட்டு அச்சிடும் ஆலைகளில் பல சிடி காலத்திலேயே மூடப்பட்டுவிட்டன. போதாக்குறைக்கு, தட்டுக்கான பாட்டை முதலில் வெட்டப் பயன்படும் 'லேக்கர்' தகடுகளைத் தயாரித்த கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை 2020 பிப்ரவரியில் தீயில் அழிந்தது. உலகிலேயே அப்படி இரண்டு ஆலைகள்தான் இருந்தன, மற்றொன்று ஜப்பானில். வேலை குவிந்து அவசரம் கூடும்போது முதலில் அடிபடுவது தரச் சோதனைதான்.

மோஃபி விவகாரம்: நடந்தது என்ன?

'மோஃபி' என்று ரசிகர்கள் அழைக்கும் மொபைல் ஃபிடிலிட்டி, உயர்தர மறுவெளியீடுகளுக்குப் பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனம். அசல் ஒலிநாடாவிலிருந்து தட்டு தயாரிக்கிறோம் என்பதே அதன் பெருமை.

2022-இல் மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தை 'ஒன்-ஸ்டெப்' முறையில் 40,000 பிரதிகள் வெளியிடுவதாக அது அறிவித்தது. அந்த முறையில் ஒரு லேக்கர் தகட்டிலிருந்து ஓர் அச்சு மட்டுமே எடுப்பார்கள். ஓர் அச்சு குறிப்பிட்ட அளவு தட்டுகளுக்குத்தான் தாங்கும். அப்படியென்றால் 40,000 பிரதிகளுக்கு விலைமதிப்பற்ற அசல் நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். நடக்கிற காரியமா?

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர் அந்த ஆண்டு ஜூலையில் காணொளி வெளியிட்டு விஷயத்தை உடைத்தார். பிறகு நிறுவனமே ஒப்புக்கொண்டது: நாடாவை முதலில் 'டிஎஸ்டி' எனும் டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்து தட்டு வெட்டும் வழக்கம் 2011 முதலே இருந்திருக்கிறது.

வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்கு தொடுத்தனர். 2023-இல் சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர் மதிப்பில் சமரசத் தீர்வு உருவானது. தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் பெறலாம். அல்லது தட்டை வைத்துக்கொண்டு 5 விழுக்காடு ரொக்கமோ 10 விழுக்காடு கூப்பனோ பெறலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிஜிட்டலே ஆகாது என்று சொல்லிவந்த பலர் இதே தட்டுகளைத்தான் பாராட்டித் தள்ளினார்கள். அவர்கள் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆக, பிரச்சினை டிஜிட்டல் அல்ல, சொல்லாமல் மறைத்ததுதான்.

கேள்வி 1: எதிலிருந்து எடுத்தது?

ஒரே இசைக்குழுவின் இரண்டு பெட்டிகளைப் பாருங்கள். பீட்டில்ஸின் 2012 ஸ்டீரியோ வினைல் தொகுப்பு டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டப்பட்டது. 2014-இல் வந்த மோனோ தொகுப்பு, அசல் நாடாக்களிலிருந்து நேரடியாக லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் வெட்டப்பட்டது. இரண்டும் ஒரே கடை அலமாரியில் இருந்தாலும் பொருள் வேறு. 'ரீமாஸ்டர்' என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டைச் சொல்லாது.

கேள்வி 2: யார் வெட்டியது, எங்கே அச்சிட்டது?

180 கிராம் என்பது தட்டின் எடை, அவ்வளவுதான். எடை கூடினால் பாட்டு தெளிவாகிவிடாது. நடுத்துளை சற்றே விலகியிருந்தாலும் சுருதி ஆடும். ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் பாட்டைத் திணித்தால் ஒலியளவைக் குறைக்க வேண்டிவரும். உள்வட்டப் பாடல்கள் கரகரக்கும் வாய்ப்பும் அதிகம். மாஸ்டரிங் செய்தவர் பெயரையும் அச்சு ஆலையின் பெயரையும் வெளிப்படையாகப் போடும் நிறுவனத்தைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

கேள்வி 3: திருப்பிக் கொடுக்க முடியுமா?

பினாங்கு ரசிகருக்கு இதுதான் பெரிய தலைவலி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பெட்டியின் எடைக்கே அஞ்சல் கட்டணம் எகிறும். இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட் வரையிலான இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. வழியில் வெயில் பட்டுத் தட்டு வளைந்து வந்தால், திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில்?

உள்நாட்டுக் கடையில் வாங்கினால் சட்டத்தின் துணை இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தோடும் விளம்பரத்தில் சொன்ன விவரத்தோடும் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பில்லையும் விளம்பரப் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். புகார் செய்யும் முறை புரியாவிட்டால், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது.

அப்போ பழைய தட்டே மேலா?

ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போனால் பழைய தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். கீறல் கண்ணுக்குத் தெரியும், விலையும் பேசலாம். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் உறைகளில் பூஞ்சை பிடிப்பது சகஜம். வாங்கியதும் கழுவ வேண்டும். நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பாக்ஸ் செட்டுக்கும் இதே விதிதான்.

இந்தக் கேள்விகள் வெளிநாட்டு ராக் இசைக்கு மட்டுமல்ல. டேவிட் ஆறுமுகம், மறைந்த லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழு பினாங்கில் பிறந்து, மலாய்ப் பாடல்களால் நாடறிந்தது. அந்தக் காலத்து உள்ளூர் இசை எது மறுவெளியீடாக வந்தாலும் இதே விவரங்களைக் கேட்கலாம்: அசல் நாடா கிடைத்ததா, அல்லது சிடியிலிருந்து எடுத்துத் தட்டில் பதித்தார்களா? இரண்டாவது என்றாலும் தப்பில்லை. அட்டையில் அதை எழுதி, அதற்கேற்ற விலை வைத்தால் போதும்.

பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால், முதல் வாரத்திலேயே அவசரப்பட வேண்டாம். வாங்கியவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.