கிணற்றுப் பங்கை எழுதாமல் வீட்டை விற்கலாமா?

இடம்பெயர்ந்து அயலூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் எமது குடும்பங்கள் சில, ஊரில் விட்டுவந்த வீடுவளவை விற்றுவிட எண்ணுகின்றன. பிள்ளைகளின் படிப்பு, அடைக்கவேண்டிய கடன், இனித் திரும்பிப் போவதில்லை என்ற முடிவு என்று காரணங்கள் பல. இதை நாம் குறைகூற வரவில்லை. விற்பது அவரவர் உரிமை. ஆனால் அந்த வீட்டோடு சேர்ந்த கிணறும், குழாயும், மின்கம்பியும் அந்த வீட்டாருக்கு மட்டும் உரியவையா என்று பாராமல் விற்பது, ஊரில் எஞ்சியிருக்கும் உறவுகளின் வாயில் மண்ணைப் போடும் செயலாகிவிடும்.

அமிர்தகழியை எடுத்துக்கொள்வோம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம். ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் ஊர்கூடித் தீர்த்தமாடும் இடம். மட்டக்களப்புப் பகுதியின் வழமைப்படி, மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அருகிலேயே வேறொரு வீடு கட்டி இளைய பிள்ளைகளோடு குடியேறுவார்கள். பின்னர் அந்த வீடு அடுத்த மகளுக்குப் போகும். இவ்வாறு ஒரு வளவில் இரண்டு மூன்று வீடுகள் எழும்; கிணறு மட்டும் ஒன்றுதான். யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிவைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வாளியைப் பிடித்தவர்கள் அக்காவும் தங்கையும் அல்லவா?

1990இன் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் இந்தப் பிணைப்பைக் கலைத்துப் போட்டன. “இந்தக் கிணறு மூன்று வீட்டுக்கும் பொது” என்று சொல்லக்கூடிய முதியவர்களில் பலர் இன்று இல்லை. தூரத்திலுள்ள அக்கா அற்றோணித் தத்துவம் கொடுத்து வேறொருவர் மூலம் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதியில் “வீடும் கிணறும் மற்றும் அதிலடங்கியவை அனைத்தும்” என்று எழுதப்படுகிறது. வாங்கியவர் மதில் கட்டுகிறார். மறுபக்கத்தில் தங்கை வெறும் குடத்தோடு நிற்கிறாள். தனக்கில்லாத பங்கை அக்கா விற்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் சுமை தங்கையின் தலையில் அல்லவா விழுகிறது!

சட்டம் என்ன சொல்கிறது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியையும் அதன்மீதான உரிமைகளையும் கைமாற்றும் ஒப்பந்தம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட வேண்டும். அயலான் காணியில் தண்ணீர் அள்ளும் உரிமையும், கிணற்றுக்குப் போகும் வழியுரிமையும் இதற்குள் அடங்கும். வாய்ச்சொல்லுக்கு வலுவில்லை. நீண்டகாலப் பாவனையால் உரிமை பெறலாம் என்பதும் உண்மையே; 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் பத்து ஆண்டுகள் என்கிறது. ஆனால் அந்தப் பாவனை இடையறாததாகவும், பிறர் அனுமதியின்றித் தன் உரிமையாகக் கொண்டதாகவும் இருக்கவேண்டும். உறவுக்காக அனுமதித்ததை எத்தனை ஆண்டு பாவித்தாலும் அது உரிமையாகாது. இடம்பெயர்ந்தவர்களின் பாவனையிலோ எத்தனை இடைவெளிகள்!

எனவே விற்பவர் முதலில் ஒரு நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் கீறுவிக்க வேண்டும். கிணறு எங்கே நிற்கிறது, குழாய் எவ்வழி போகிறது, மின்கம்பி யார் வளவைக் கடக்கிறது என்பவை அதில் தெரியவேண்டும். கிணறு உங்கள் காணிக்குள் இருந்தால், தண்ணீர் அள்ளிவந்த அயலவருக்கு அவ்வுரிமையையும் வழியையும் விற்பனைக்கு முன்னரே உறுதி மூலம் எழுதிக்கொடுங்கள். கிணறு அயலவர் காணிக்குள் இருந்தால், உங்கள் வீட்டுக்கான உரிமையை அவரிடம் எழுதி வாங்குங்கள். இல்லாவிடில் தண்ணீரில்லாத வீட்டையே விற்கிறீர்கள். கிணறு பொதுவானதென்றால் பங்குகளைக் குறிப்பிடுங்கள். பின்னர் அந்த உறுதியைத் தாமதியாமல் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி, பதியாத உறுதி பின்னர் வந்து பதியப்பட்ட உறுதிக்கு முன்னால் தோற்றுப்போகக்கூடும். முறையாக எழுதிய தண்ணீர் உரிமை ஆளோடு அல்ல, காணியோடு செல்லும். வளவு எத்தனை கைமாறினாலும் அது நிலைக்கும்.

உங்களுடையது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியாயின், நினைத்தபடி விற்க முடியாது. முற்பணம் வாங்கும் முன்னர் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள்.

மின்சாரத்திலும் இதே கவனம் தேவை. பக்கத்து வீட்டு மின்மானியிலிருந்து வயர் இழுத்து விளக்கேற்றிய வீடுகள் உண்டு. அவசரத்துக்கு உதவிய அந்த ஏற்பாட்டை வாங்குபவரின் தலையில் கட்டக்கூடாது. பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறுவதால், இரு வீட்டுப் பாவனை ஒரு பட்டியலில் விழும்போது இருவருக்கும் நட்டமே. தனி இணைப்புக்கு விண்ணப்பித்து, நிலுவையைக் கட்டி, விற்பனையோடு பெயரையும் மாற்றிக் கொடுங்கள். குழாய் நீருக்கும் அவ்வாறே.

“இப்போது குழாயில் தண்ணீர் வருகிறதே, கிணறு எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்புக்கு வருவது பெரும் வரப்பிரசாதம்தான். ஆயினும் குழாய் நிற்கும் நாளில் கைகொடுப்பதும், தோட்டத்தின் தாகம் தீர்ப்பதும் கிணறுதான். இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். வாவியோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பெரிய மோட்டார் வைத்து அளவுமீறி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலெழும். ஒருவர் இறைக்க எல்லார் குடமும் உவர்க்கும். ஆகவே யார் அள்ளலாம் என்பதோடு, எந்த அளவு மோட்டார், எத்தனை மணிநேரம், கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் செலவு யாருடையது, மலசலகூடக் குழி எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பவற்றையும் எழுதுவது நல்லது.

இதையெல்லாம் சொன்னால் வாங்குபவர் விலையைக் குறைப்பார் என்று அஞ்சுவோரும் உளர். குறைக்கலாம். ஆனால் மறைத்து வாங்கிய கூடுதல் பணத்தை வழக்குச் செலவு விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, சொந்தச் சகோதரியின் வாசலை மிதிக்க முடியாமற் போவது.

பிணக்கு ஏற்கனவே மூண்டுவிட்டதா? கத்தி பொல்லு எடுக்கும் முன்னர், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையை நாடுங்கள். அமைதி குலையும் நிலை வந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் பொலிசார் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். ஆனால் அங்கு கிடைப்பது இடைக்கால ஒழுங்கே தவிர முடிந்த முடிவு அல்ல. வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் உதவியைக் கேட்கலாம்.

அன்பானவர்களே, அற்றோணித் தத்துவத்தில் கைச்சாத்திடும் முன்னர் ஊரிலுள்ள அயலவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் அழையுங்கள். “நாங்கள் வளவை விற்கப் போகிறோம்; உங்கள் தண்ணீருக்கு என்ன வழி செய்யவேண்டும்?” என்று கேளுங்கள். ஊரை விட்டுப் போகிறவர் அங்கே இருக்கிறவருக்குச் செலுத்தவேண்டிய கடைசிக் கடன் அதுவே.