வர்ணமும் வளைவும்

ஐந்தாண்டுத் தடைக்குப்பின், 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. அதன்பின் புதுக்கார் வாங்கிய ஹட்டன் நண்பர் கேட்டார்: "அண்ணே, வர்ணத்தைக் காக்க ஃபில்ம் ஒட்டுவதா, செரமிக் பூசுவதா?"

செரமிக் பூச்சில் நீரும் சேறும் எளிதில் வழுகும். தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லடியைத் தாங்குவது பொலியூரித்தேன் ஃபில்ம்தான். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா ஏறும் ஏ7 வீதிக்கு, பொனட்டிலும் முன்பம்பரிலும் ஒட்டினாலே போதும் என்பது என் கட்சி.

மிச்சப் பணத்தில் நல்ல டயரும் பனிவிளக்கும் வாங்குங்கள். அந்த வளைவுகளில், மூடுபனிக்குள், கொழுந்துச் சுமையுடன் தோட்டத்துப் பெண்கள் நடந்து வருகிறார்கள். காரில் விழும் கீறலை மீண்டும் வர்ணம் பூசி மறைக்கலாம்; அவர்களுக்கு ஒன்று நேர்ந்தால் எந்தப் பூச்சும் உதவாது.